தொலைதூரத் தீவுக்கு விருந்தினர் வருவது ஏன்?

நமது சந்தைகளில் மோரிஸ் வாழைப்பழம் என்று கேட்டு வாங்குகிறோம். காவிரிக் கரையில் வாழை பயிரிடும் நம் அங்கத்தினர்களுக்கு அப்பெயர் புதிதன்று. இந்து மகாசமுத்திரத்தின் தென்மேற்கே உள்ள மொரீஷியஸ் தீவின் பெயரே மோரிஸ் எனத் திரிந்து அப்பழத்துக்கு வாய்த்தது என்பர். நம் பாட்டனார் காலத்தில் அத்தீவு, கரும்புத் தோட்ட வேலைக்கு ஆள் சேர்த்து அனுப்பிய ஊர் என்ற அளவிலேயே அறியப்பட்டிருந்தது. இன்று உலகத்தார் அதனை அறிவது வேறு வகையில். பாரிஸிலிருந்தும் லண்டனிலிருந்தும் பதினொன்று, பன்னிரண்டு மணி நேரம் ஆகாய விமானத்தில் அமர்ந்து, ஒன்பதாயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடந்து, அதன் கடற்கரையில் பத்து நாள் தங்குவதற்கென்றே மக்கள் வருகின்றனர். 2019-ம் ஆண்டில் அங்கு வந்த உல்லாசப் பிரயாணிகளின் தொகை சுமார் 13 லட்சத்து 80 ஆயிரம். அந்நாட்டின் ஜனத்தொகையோ 13 லட்சத்துக்கும் குறைவு. வீட்டாரைக் காட்டிலும் விருந்தினர் அதிகம் என்று சொல்லும்படியான நிலை அது.

“மணலும் கடலும் நம்மிடம் இல்லையா? தமிழ்நாட்டுக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட கடற்கரை உண்டே. அந்தச் சிறு தீவில் அப்படி என்ன இருக்கிறது?” என்று நம் அங்கத்தினர்கள் கேட்பது இயல்பு. கடலையே காணாத சேலம், நாமக்கல் சமவெளியில் தறியும் ஏரும் கொண்டு பிழைக்கும் நமக்கு இவ்விஷயம் எதற்கு என்றும் சிலர் எண்ணலாம். இரண்டு காரணங்களை முன்னிட்டு இது நமக்கும் உரியதே. முதலாவது, விருந்தினர் வரும் இடத்தில் புழங்கும் பணம் உழவனுக்கும் நெசவாளனுக்கும் எவ்வளவு வந்து சேர்கிறது என்பது நம்மைத் தொட்ட கேள்வி. விடுமுறைக் காலத்தில் மக்கள் திரளும் ஏற்காடும் கொல்லிமலையும் நம் கண்ணெதிரே நிற்கின்றன. இரண்டாவது, விருந்தினரை ஈர்க்கும் பொருள்களில் முக்கியமானவை தனியொருவருக்குச் சொந்தமானவை அல்ல. பொதுச் சொத்தை எவ்வாறு காப்பது என்பதோ கூட்டுறவின் ஆதாரப் பாடம். ஆகவே அத்தீவின் கதையைச் சற்று விரிவாகவே காண்போம்.

தீவின் பழைய நிலை

மொரீஷியஸ் தீவின் பரப்பு ஏறத்தாழ 1,865 சதுர கிலோமீட்டர். நாமக்கல் மாவட்டத்தின் பரப்பில் பாதிக்குச் சற்று அதிகம். அங்கே பூர்வகுடிகள் என்று எவரும் இலர். டச்சுக்காரர் 1598-ம் ஆண்டில் அங்கே இறங்கித் தம் இளவரசர் மோரிஸின் பெயரை அதற்கு இட்டனர். பறக்கமாட்டாத டோடோ என்னும் பறவை அங்கு மட்டுமே வாழ்ந்தது. மனிதர் காலடி பட்ட ஒரு நூறு ஆண்டுக்குள், 17-ம் நூற்றாண்டிலேயே, அப்பறவை இனம் அடியோடு அழிந்தது. போனது திரும்ப வராது என்பதற்கு உலகம் இன்றும் காட்டும் உதாரணம் அதுவே.

1715-ம் ஆண்டில் தீவு பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. தலைநகரான போர்ட் லூயியைக் கட்டுவதற்குப் புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கைவினைஞர்கள் அழைத்துச் செல்லப்பட்டனர். 1810-ம் ஆண்டில் பிரிட்டிஷார் தீவைக் கைப்பற்றினர். அடிமை முறை 1835-ல் ஒழிந்தது. அதற்குச் சற்று முன்னரே, 1834 முதல், இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் கப்பலேற்றப்பட்டனர். அடுத்த பல பத்தாண்டுகளில் அங்கு சென்றோர் ஏறத்தாழ நாலரை லட்சம் பேர். அவர்கள் வந்திறங்கிய துறைமுகப் படிகள் ‘ஆப்பிரவாசி காட்’ என்ற பெயரில் 2006-ம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டன.

இவ்விடத்தில் நம்மவர்க்கு ஒரு செய்தி இனிப்பாக இருக்கும். சிறு கரும்பு விவசாயிகள் கடன் சுமையில் வாடுவதைக் கண்ட ராயல் கமிஷன் ஒன்று 1909-ம் ஆண்டில் கூட்டுறவுக் கடன் சங்கங்களை அமைக்கும்படி சிபார்சு செய்தது. அதன்படி 1913-ல் அங்கே கூட்டுறவுச் சட்டம் இயற்றப்பட்டது. அதனை நடைமுறைக்குக் கொண்டுவர இந்திய சிவில் சர்வீஸைச் சேர்ந்த அதிகாரி ஒருவர் சென்றார். நம் நாட்டில் 1904-ல் ஊன்றப்பட்ட விதையே பத்தாண்டுக்குள் அந்தத் தீவிலும் முளைத்தது.

ஆயினும் நாடு முழுவதும் ஒரே பயிரை நம்பி நின்றது. ஏற்றுமதியில் கரும்புச் சர்க்கரையே ஏறக்குறைய அனைத்தும். 1960-ம் ஆண்டு பிப்ரவரியில் வீசிய ‘கரோல்’ என்னும் புயல் பயிரையும் பல்லாயிரம் வீடுகளையும் சாய்த்தது. அடுத்த ஆண்டில் பொருளாதார அறிஞர் ஜேம்ஸ் மீட் தலைமையில் வெளிவந்த அறிக்கை, ஜனத்தொகை பெருகுகிறது, வேலை பெருகவில்லை, எதிர்காலம் இருண்டது என்று எச்சரித்தது. 1968-ம் ஆண்டு மார்ச் 12-ம் நாள் சுதந்திரம் பெற்றபோது அந்நாட்டின் கையிருப்பு கரும்பும் கவலையுமே. அதன்பின் அவர்கள் மூன்று காரியங்களைச் செய்தனர். கரும்பைக் கைவிடவில்லை. 1970-ல் ஏற்றுமதிச் சட்டம் ஒன்றை இயற்றி ஆயத்த ஆடைத் தொழிலை வளர்த்தனர். உல்லாசப் பிரயாணத் தொழிலுக்கும் வழி திறந்தனர். கரும்புத் தோட்டங்களில் ஈட்டிய மூலதனமே ஹோட்டல்களாகவும் தையல் ஆலைகளாகவும் மாறியது.

பவளம் கட்டிய மதில்

இனி, விருந்தினரை அங்கு இழுப்பது எது என்று பார்ப்போம்.

மொரீஷியஸ், எரிமலைக் குழம்பு ஆறி இறுகி உண்டான தீவு. அதன் பாறை கருமை நிறமுடையது. இருந்தும் கரையோர மணல் பெரும்பாலும் வெண்மையாக இருக்கிறது. காரணம், தீவைச் சுற்றிலும் பெரும்பகுதியில் மதில்போல் அமைந்த பவளத் திட்டு. அதன் நீளம் சுமார் 150 கிலோமீட்டர். பவளத்தைக் கல் என்று எண்ணுகிறோம். உண்மையில் அது நுண்ணிய உயிர்கள் கோடிக்கணக்கில் கூடி வாழ்ந்து, கடல்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் கொண்டு தமக்கெனக் கட்டிக்கொண்ட வீடு. ஒன்று மடிந்த இடத்தின்மேல் மற்றொன்று கட்டுகிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் அது மதிலாகிறது. உடைந்த பவளமும் கிளிஞ்சலும் அலையில் அரைபட்டு வெண்மணலாகின்றன. பவளத்தைக் கொறித்து உண்ணும் மீன்களின் வயிற்றிலிருந்தும் அம்மணல் வெளிவருகிறது. ஆகவே, கரையில் விரிந்து கிடக்கும் மணல்கூட அம்மதிலின் கொடையே.

பெருங்கடலின் அலை இந்த மதிலில் மோதி வலுவிழக்கிறது. மதிலுக்கும் கரைக்கும் இடைப்பட்ட நீர் ஏரிநீர்போல் அமைதியாகவும் ஆழமின்றியும் தெளிந்தும் இருக்கிறது. குழந்தைகளும் நீந்தத் தெரியாதவர்களும் அச்சமின்றி இறங்கலாம். சுறாக்கள் பெரும்பாலும் உள்ளே வருவதில்லை. நம் சென்னை மெரினாவை நினைத்துப் பாருங்கள். மணல் பரப்பு மிகப் பெரிது. ஆனால் திறந்த கடலின் அலையும் இழுப்பும் கடுமையானவை. ஆதலால் அங்கே கடலில் இறங்கிக் குளிப்பதற்குத் தடை உண்டு. மொரீஷியஸிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர் தொலைவில் ரெயூனியன் என்ற பிரெஞ்சுத் தீவு இருக்கிறது. அதே வானம், அதே சமுத்திரம். ஆனால் அங்கே பவள மதில் சிறு பகுதியிலேயே உண்டு. 2011-ம் ஆண்டு முதல் சுறா தாக்கி மாண்டோர் பலரானதால், மதில் இல்லாத இடங்களில் நீந்துவதை 2013-ல் அரசாங்கம் தடை செய்தது. கடற்கரை என்ற பெயர் ஒன்றே ஆயினும், காவல் உள்ள கரை வேறு, காவலற்ற கரை வேறு என்பது இதனால் விளங்கும்.

பருவமும் பாதையும்

இரண்டாவது ஈர்ப்பு பருவம். மொரீஷியஸ் பூமத்திய ரேகைக்குத் தெற்கே 20 பாகையில் இருக்கிறது. ஐரோப்பாவில் பனி மூடிக் கதிரவனே அரிதாகும் டிசம்பர், ஜனவரி மாதங்கள் அங்கே கோடைகாலம். அங்குக் குளிர்காலம் எனப்படும் ஜூலை, ஆகஸ்டிலும் கடல்நீர் சுமார் 22 பாகை வெப்பத்தில் இருக்கும். நமக்கு வெயில் ஒரு பொருட்டன்று. பங்குனியிலும் சித்திரையிலும் அது குறைந்தால் போதும் என்றுதான் வேண்டுகிறோம். ஆறு மாதம் வெயிலுக்கு ஏங்குவோர்க்கோ அது விலை கொடுத்து வாங்கும் சரக்கு. ஓரிடத்தில் மிகுதியானது இன்னோரிடத்தில் அருமையாக இருப்பதே வாணிபத்தின் அடிப்படை. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் அச்சமும் உண்டு என்பதையும் மறைக்கலாகாது. அதனால் கட்டடங்களைப் புயலுக்குத் தாங்கும்படி கட்டவும், முன்னெச்சரிக்கை செய்யவும் அவர்கள் பழகியுள்ளனர்.

மூன்றாவது, பாதை. தொலைவு அதிகமாயினும் அது வடக்கு தெற்கான தொலைவு. பூமியில் கிழக்கு மேற்காகப் பிரயாணம் செய்தால் கடிகாரம் மாறும். உறக்கமும் பசியும் தடுமாறும். வடக்கு தெற்காகச் செல்வோர்க்கு அத்தொல்லை குறைவு. பாரிஸுக்கும் மொரீஷியஸுக்கும் நேர வேறுபாடு இரண்டு அல்லது மூன்று மணி மட்டுமே. இரவில் விமானம் ஏறி உறங்கினால் காலையில் இறங்கி, அன்றே கடலில் நீராடலாம். பத்து நாள் விடுமுறையில் இரண்டு நாள் உறக்கக் கேட்டில் போகாமல் மிஞ்சுவது சிறிய காரியமன்று.

பாதை திறந்தால் மட்டும் போதாது. யாருக்கு எவ்வளவு திறப்பது என்ற தீர்மானமும் வேண்டும். 1967-ம் ஆண்டில் அவர்கள் தமக்கென ஒரு விமானக் கம்பெனியை அமைத்தனர். மலிவான வாடகை விமானங்களில் ஆயிரக்கணக்கானோரை ஒரே சமயத்தில் கொண்டுவந்து குவிக்கும் முறையைப் பல்லாண்டுகள் அனுமதிக்கவில்லை. ‘குறைவாக வரட்டும், நிறைவாகச் செலவிடட்டும், திரும்பவும் வரட்டும்’ என்பதே அவர்கள் கொண்ட கொள்கை. சிறிய தீவில் கூட்டம் பெருகினால் குடிநீரும் சாலையும் கடலும் தாங்கா என்பதை அவர்கள் தொடக்கத்திலேயே உணர்ந்தனர். தறி ஒன்றில் எத்தனை பாவு ஓட்டலாம் என்பதற்கு அளவு இருப்பதுபோல், ஊர் எத்தனை விருந்தினரைத் தாங்கும் என்பதற்கும் அளவு உண்டு.

உபசாரமும் பண்பாடும்

நான்காவது ஈர்ப்பு மக்கள். பாராளுமன்றத்தில் ஆங்கிலம், செய்தித்தாள்களில் பிரெஞ்சு, வீட்டில் கிரியோல் எனப் பல மொழி வழங்கும் நாடு அது. பிரெஞ்சு நாட்டவரும் ஆங்கிலேயரும் ஒருசேரத் தம் மொழியில் பேசி உதவி பெறக்கூடிய வெப்பமண்டலத் தீவுகள் உலகில் மிகச் சில. அந்நிய நாட்டில் வழி கேட்கவும், மருந்து கேட்கவும், குறை சொல்லவும் மொழி தடையாக இல்லாவிடில் மனத்துக்கு நிம்மதி உண்டாகிறது. வருவோரில் முதலிடம் பிரெஞ்சு நாட்டவருக்கே என்பது இதனால் வியப்பன்று.

இந்துக்கள், கிறிஸ்தவர், முஸ்லிம்கள், சீனர் எனப் பலர் அருகருகே வாழும் நாடு. தைப்பூசக் காவடி அங்கே நாடு தழுவிய பொது விடுமுறை நாள். போர்ட் லூயியில் சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் கோயில் இருக்கிறது. ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தும் அச்சிடப்பட்டுள்ளது. பெரும்பாலான தமிழ்க் குடும்பங்களில் வீட்டுப் பேச்சு கிரியோலாக மாறிவிட்டபோதிலும், கல்யாண விருந்தில் வாழையிலை விரித்து ஏழு கறி பரிமாறும் வழக்கம் நிலைத்திருக்கிறது. நம் பருப்பு வடையை ஒத்த காரமான பலகாரம் ஒன்று சாலையோரக் கடைகளில் பிரெஞ்சுப் பெயரில் விற்கிறது. அடிமைகளின் வழித்தோன்றல்கள் வளர்த்த ‘சேகா’ என்னும் ஆடல்பாடலை 2014-ல் யுனெஸ்கோ நிறுவனம் உலகப் பண்பாட்டுச் செல்வமாக அங்கீகரித்தது. தப்பியோடிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த லெ மோர்ன் மலையும் 2008-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. பத்து நாளும் மணலில் கிடக்க எவராலும் இயலாது. ஐந்தாம் நாள் விருந்தினர் ஊருக்குள் வருகிறார். அப்போது காண்பதற்கு ஓர் ஊரும், அதில் மெய்யாக வாழும் மக்களும் இருக்க வேண்டும்.

கடற்கரைச் சட்டம் ஒன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். கரையோரமாக சுமார் 81 மீட்டர் அகலமுள்ள நிலம் பிரெஞ்சுக்காரர் காலம் தொட்டே அரசுக்குரியது. ஹோட்டல்கள் அதனைக் குத்தகைக்கே பெறுகின்றன. அலை தொடும் மணல் எவர் காலுக்கும் பொது. ஞாயிறுதோறும் உள்ளூர்க் குடும்பங்கள் சோற்றுப் பானையும் பாயும் எடுத்துக்கொண்டு கடற்கரை மர நிழலில் கூடுகின்றன. நல்ல கரைகள் ஒவ்வொன்றாக ஹோட்டல்களுக்கே போகின்றன என்ற மனக்குறை அந்நாட்டு மக்களிடையே இல்லாமல் இல்லை. அதைக் கேட்டு வாதாட ஒரு சட்டம் இருப்பதே அவர்களுக்குப் பலம்.

எவருக்கும் சொந்தமல்லாத மூலதனம்

மேற்சொன்ன ஈர்ப்புகளை எண்ணிப் பாருங்கள். பவள மதில், தெளிந்த நீர், வெண்மணல், பருவம், ஊரின் இணக்கம், மக்களின் உபசாரம் - இவற்றில் எந்த ஒன்றையும் ஒரு ஹோட்டல் முதலாளி தம் பணத்தால் உண்டாக்கவில்லை. அவர் கட்டியது சுவரும் கூரையும் கட்டிலும். விருந்தினர் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி, எவர் கணக்கிலும் எழுதப்படாத பொது மூலதனத்துக்கான வாடகையே ஆகும். சங்கத்தின் பங்கு மூலதனத்தை எடுத்துத் தின்றுவிட்டு லாபம் காட்டும் நிர்வாகத்தை நாம் நல்ல நிர்வாகம் என்போமா? பவளத்தை அழித்துக்கொண்டு விருந்தினரை அழைப்பதும் அத்தகையதே.

அவர்களும் தவறு செய்யாமல் இல்லை. வீடும் ஹோட்டலும் கட்டுவதற்குப் பவள மணலை, பவள மதிலுக்கு உட்பட்ட கடலிலேயே பல்லாண்டுகள் அள்ளினர். நீர் கலங்கியது, கரை அரித்தது, பவளம் மூச்சு முட்டியது. இறுதியில் 2001-ம் ஆண்டில் அவ்வாறு அள்ளுவதைத் தடுத்து நிறுத்தினர். கருங்கல்லை உடைத்துப் பொடியாக்கி மணலுக்கு மாற்றாகப் பயன்படுத்தினர். காவிரியில் மணல் போன இடங்களில் கிணற்று நீர் கீழே இறங்கியதைக் கண்ட நம் விவசாயிகளுக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடேறும் ஆண்டுகளில் பவளம் வெளுத்து மடியும் ஆபத்து இப்போது மேலும் சேர்ந்துள்ளது. அதனைத் தனியொரு தீவு தடுக்க இயலாது.

2020-ம் ஆண்டு ஜூலை 25-ம் நாள் அத்தீவுக்கு ஒரு சோதனை வந்தது. ‘வகாஷியோ’ என்னும் பெரிய சரக்குக் கப்பல் தென்கிழக்குக் கரையில் பவளத் திட்டின்மீது ஏறி நின்றுவிட்டது. பன்னிரண்டு நாள் கழித்து அதன் எண்ணெய்த் தொட்டி பிளந்து, சுமார் 1,000 டன் எண்ணெய் தெளிந்த நீரில் பரவியது. மிதவைத் தடுப்புகள் போதிய அளவு கையிருப்பில் இல்லை. அப்பொழுது மக்கள் செய்த காரியம் நாம் அறிய வேண்டியது. கரும்புத் தோட்டங்களிலிருந்து சோகையை வண்டி வண்டியாகக் கொண்டுவந்தனர். துணியை நீண்ட பைகளாகத் தைத்தனர். சோகையை அதனுள் திணித்து, மிதப்பதற்குக் காலிப் புட்டிகளையும் சேர்த்து, கிலோமீட்டர் கணக்கில் மிதவைகள் செய்து கடலில் இழுத்துக் கட்டினர். தலைமயிர் எண்ணெயை உறிஞ்சும் என்று கேள்விப்பட்டு முடியை வெட்டிக் கொடுத்தவர்களும் உண்டு. மாணவர், மீனவர், இல்லத்தரசிகள், ஹோட்டல் சிப்பந்திகள் என ஆயிரக்கணக்கானோர் உத்தரவுக்குக் காத்திராமல் கூடினர்.

உழவனின் சோகையும் நெசவாளனின் துணியும் சேர்ந்து கடலைக் காக்க முயன்ற காட்சி அது. எல்லா எண்ணெயையும் அவை தடுத்துவிடவில்லை. சதுப்புநிலத் தாவரங்கள் கறுத்தன, மீனவர் பலர் பல மாதம் தொழில் இழந்தனர். ஆனால் தங்களுக்குச் சோறிடும் சொத்து எது என்பதை அம்மக்கள் அறிந்திருந்தனர் என்பது உலகுக்கு விளங்கியது.

பணம் தங்குவது எங்கே?

விருந்தினர் செலவிடும் பணம் முழுவதும் ஊரில் தங்குவதில்லை. விமானக் கட்டணம் ஒரு பங்கு, வெளிநாட்டுத் தரகருக்கு ஒரு பங்கு, இறக்குமதிப் பண்டங்களுக்கு ஒரு பங்கு எனக் கரைகிறது. மொரீஷியஸில் நல்ல நிலங்களை நெடுங்காலமாகக் கரும்பே கொண்டிருந்ததால், உண்ணும் உணவில் பெரும்பகுதி இன்றும் வெளிநாட்டிலிருந்தே வருகிறது. ஹோட்டல் மேசையில் வைக்கும் பாலும் தானியமும் கப்பலில் வருமானால், அதற்குரிய பணமும் கப்பலேறியே போகும். மாலத்தீவிலும் இதே நிலைதான். பயிரிட நிலமே அரிதான அப்பவளத் தீவுகளுக்கு நாமக்கல் முட்டையும் கப்பலில் சென்றிருக்கிறது. ஆக, எவரோ எங்கோ கடற்கரையில் காலையுணவுக்கு அமரும்போது, நம் சமவெளிக் கோழிப்பண்ணைக்கும் அதில் சிறு பங்கு உண்டு. தூய்மையும் நோயின்மையும் காட்டி அந்தப் பங்கைப் பெற வேண்டும். பறவைக் காய்ச்சல் என்ற செய்தி ஒன்று போதும், வாங்கும் நாடுகள் கதவை மூடிவிடும்.

ஒன்றையே நம்புவதன் ஆபத்தையும் அத்தீவு கண்டது. கொள்ளை நோயை முன்னிட்டு 2020-ம் ஆண்டு மார்ச்சில் எல்லைகளை மூடினர். 2021 அக்டோபரில்தான் முழுமையாகத் திறந்தனர். 2019-ல் பதினான்கு லட்சத்தை நெருங்கிய விருந்தினர் தொகை 2021-ல் இரண்டு லட்சத்துக்கும் கீழே விழுந்தது. முன்பு சர்க்கரையை மட்டும் நம்பிய காலத்தில் புயல் ஒன்று அவர்களை வீழ்த்தியது. 1975 முதல் ஐரோப்பா நல்ல விலைக்குச் சர்க்கரை வாங்கிவந்த ஒப்பந்தமும் 2009-ல் முடிவுற்றது. இவ்விரண்டு அடிகளையும் கண்டவர்கள் ஆதலால், கரும்பு, ஆடைத் தொழில், நிதித்துறை, உல்லாசப் பிரயாணம் எனப் பல கால்களில் நிற்க முயன்று வந்தனர். விருந்தினர் வராத அந்த ஆண்டுகளில் அம்மற்றைய கால்களே அவர்களை விழாமல் தாங்கின.

நமக்கு உரிய பாடம்

ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் கடல் இல்லை. ஆனால் ஈர்ப்பின் இலக்கணம் ஒன்றே. சமவெளியில் வெயில் கொளுத்தும்போது மலையில் குளிர்ச்சி உண்டு. மே மாதத்தில் ஏற்காட்டுக்கு வருவோர் விலை கொடுப்பது அந்தக் குளிர்ச்சிக்கே. அங்கே பவள மதிலுக்கு ஒப்பானது சோலைக்காடு. மழையைப் பிடித்து நிறுத்தி, ஊற்றாகவும் ஓடையாகவும் மெல்ல விடுவது அதுவே. காடு மெலிந்தால் ஆகாய கங்கை அருவியும் மெலியும். அருவி மெலிந்தால் எழுபது கொண்டையூசி வளைவுகளை ஏறி வருவதற்கு எவருக்கும் காரணம் இராது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தடை உண்டு. சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது. மலைப்பாதையில் வாழும் கடைக்காரரும், வந்து செல்லும் வாகன ஓட்டியும் அதனைத் தம் சொத்துக்கான காவலாகக் கருத வேண்டும்.

அடுத்தது, பணம் தங்கும் இடம். ஏற்காட்டு விடுதியில் விரித்திருக்கும் படுக்கை விரிப்பும் துவாலையும் எந்தத் தறியில் நெய்தவை? வெளி மாநில ஆலைச் சரக்காயின், விருந்தினர் கொடுத்த பணம் மலையிலிருந்து இறங்கி நம் ஊர் வழியாகவே நிற்காமல் போய்விடுகிறது. நம் பகுதி நெசவாளர் சங்கங்கள் ஒன்றுகூடி, அளவும் நிறமும் தரமும் மாறாமல், சொன்ன தேதியில் கொடுக்க முன்வந்தால் விடுதிக்காரர் மறுக்கக் காரணம் இல்லை. அவர் கேட்பது மூன்றே. ஒரே சீரான சரக்கு, குறித்த நாளில் வருகை, பலமுறை வெளுத்தாலும் சாயம் போகாமை. இம்மூன்றும் தனித் தறிக்கு அரிது, சங்கத்துக்கு எளிது. சேலத்து வெண்பட்டு வேட்டிக்கு உள்ள பெயரைச் சொல்லியே முதல் வாசலைத் தட்டலாம்.

விவசாயிகளுக்கும் இதே வழி உண்டு. கொல்லிமலைச் சாமையும் தினையும் மிளகும், ஏற்காட்டுக் காப்பியும், சேலத்து மாம்பழமும், நாமக்கல் முட்டையும் விருந்தினரின் இலைக்கு வர வேண்டும். தனித்தனியே கூடையில் எடுத்துச் சென்று பேரம் பேசுவதைவிட, விற்பனைச் சங்கத்தின் வாயிலாகத் தரம் பிரித்து, எடை குறையாமல் கொடுப்பதே நிலைத்த வாடிக்கையைத் தரும். திருச்செங்கோட்டில் மஞ்சளும் பருத்தியும் சங்கத்தின் வழியே ஏலத்தில் விற்றுப் பழகியவர்கள் நாம். அந்தப் பழக்கத்தை மலைமேலும் கொண்டுசெல்வது இயலாத காரியமன்று.

விருந்தினர் வருவது நிலையான வருமானமன்று. மழைக்காலம், நோய்க்காலம், விலைவாசி எதுவும் அதனை நிறுத்தலாம். ஆகவே தறியையும் நிலத்தையும் விட்டுவிட்டு எவரும் அதனை நம்பி ஓட வேண்டியதில்லை. வருகின்றபோது நம் பங்கைப் பெறுவோம். வராதபோது நம் தொழில் நம்மைத் தாங்கும்.

தொலைதூரத்திலிருந்து ஒருவர் ஏன் வருகிறார் என்று தொடங்கினோம். தம் ஊரில் இல்லாத ஒன்று இங்கே கெடாமல் இருக்கிறது என்ற நம்பிக்கையே அவரை அழைத்து வருகிறது. அந்த ஒன்று கடலாயினும் காடாயினும், அது தனியொருவர் கையில் இல்லை. கெடாமல் காப்பதும் தனியொருவரால் ஆவதில்லை. அடுத்த மாதாந்திரக் கூட்டத்தில் நம் ஒவ்வொரு சங்கமும் இரு கேள்விகளை எழுப்பிப் பேசட்டும். நம் அருகிலுள்ள விடுதிகளுக்கு நாம் எதைக் கொடுக்க முடியும்? அவர்கள் எதை நம்பி வருகிறார்களோ, அதைக் காக்க நாம் என்ன செய்கிறோம்? முதற் கேள்விக்கு மட்டும் விடை தேடினால் வருமானம் சில ஆண்டுகள் வரும். இரண்டுக்கும் விடை கண்டால் நம் மக்கள் காலத்திலும் வரும்.